நீலக்கோழியின் தெளிவான படம்

கீழமருதங்குடி மங்களாம்பிகை தன் ஐம்பத்திரண்டாவது வயதில் கேமராவைக் கையில் எடுத்தாள். பறவைகள் மேல் வந்த பிரியத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

குடவாசலுக்குத் தெற்கே, குளத்தை ஒட்டி ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் அவளுக்கும் கணவர் வைரக்கண்ணுவுக்கும் இருந்தது. குளம் முழுக்க ஆகாயத்தாமரை, கரை நெடுகச் சம்புக் கோரை. அதற்குள் ஒரு நீலக்கோழிக் கூட்டம் குடியிருந்தது. நாட்டுக்கோழி அளவில், மயில்நீல உடம்பும் சிவந்த அலகும் நெட்டைக் கால்களுமாகப் பார்க்க லட்சணமான பறவை. செய்கிற வேலைதான் லட்சணமாக இல்லை. மார்கழியில் பொழுது விடிந்ததும் சம்பா வயலில் இறங்கும். ஒரு தூரை ஒடித்து, குருத்தை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சேற்றில் போட்டுவிட்டு அடுத்த தூருக்குப் போகும். தகரம் தட்டினால் குளத்துக்குப் பறக்கும். தட்டிய கை ஓய்ந்ததும் திரும்பி வரும்.

நிலத்துக்கும் பயிருக்கும் அத்தாட்சியாக அடங்கல் நகல் வாங்கி, கோழி பயிரை அழிக்கிறது என்று மனு எழுதி, பஸ் ஏறிப் போய் ஓர் ஆபீஸில் கொடுத்தாள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார்.

"கோழின்னு எழுதியிருக்கீங்களேம்மா, யார் வீட்டுக் கோழி?"

"வீட்டுக்கோழி இல்லீங்க சார். குளத்துல இருக்கும். நீலமா இருக்கும்."

"நீலமா இருக்கும்னா நான் என்னன்னு எழுதுறது? தெளிவா ஒரு போட்டோ எடுத்து மனுவோட வைங்க. பறவை தெளிவா தெரியணும். அதான் முக்கியம்."

செல்போனில் எடுத்துப் பார்த்தாள். நீலக்கோழி நீல ஈயாக விழுந்தது. அப்போதுதான் பீரோவில் இருந்த கேமரா ஞாபகத்துக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அரவிந்தன், போன லீவில் ஆசைப்பட்டு ஒரு மிரர்லெஸ் கேமராவும் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸும் வாங்கினான். லீவு முடிந்தபோது ஆசையும் முடிந்து, இரண்டையும் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

முதல் நாள் நாற்பது படம் எடுத்தாள். திரையில் பச்சைக் கட்டம் ஒன்று தானாக வந்து, தானாக ஓடி, 'பீப்' என்று நின்றது. கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்கிறது என்று நிம்மதியாக அழுத்தினாள். குடவாசலில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். படங்களில் நெல் தாள் ஒவ்வொன்றும், தாளின் நரம்பும், நரம்பின் மேல் பனித்துளியும் துல்லியமாக இருந்தன. பின்னால் எங்கோ நீலமாக ஏதோ கலங்கியிருந்தது.

"பயிர் நல்லா இருக்கேம்மா!" என்றார் அதிகாரி. "இவ்வளவு செழிப்பா இந்த வருஷம் யார் வயலையும் நான் பாக்கல. பாதிப்புன்னு எதச் சொல்றீங்க?"

ராத்திரி சாப்பாட்டுக்கு மகன் உட்காரும் நேரம் பார்த்துப் போன் போட்டாள்.

"கட்டம் கிட்டக்க இருக்கறதத்தான்டா பிடிக்குது. நெல்லத் தாண்டிப் போவ மாட்டேங்குது."

"ஆட்டோஃபோகஸ்னா அப்படித்தாம்மா. மெனுவுல கண்ணு கண்டுபிடிக்கிற வசதி ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணு. கண்ணு எங்க இருந்தாலும் தேடிப் போயிடும்."

அவள் ஆன் செய்தாள். கேமரா கண்ணைத் தேடித்தான் போனது. வயல் நடுவில் வைரக்கண்ணு நட்டு வைத்திருந்த வைக்கோல் பொம்மைக்குச் சட்டித்தலை. சட்டியில் சுண்ணாம்பால் எழுதிய இரண்டு கண்கள். நீலக்கோழி வலப்பக்கம் நின்றாலும் இடப்பக்கம் நின்றாலும் கட்டம் பொம்மையின் இடது கண்ணிலேயே போய் ஒட்டிக்கொண்டது. வைரக்கண்ணு படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாண போட்டோவுல என்னைய இவ்வளவு தெளிவா எடுக்கல" என்றார். பாராட்டா புகாரா என்று தெரியவில்லை.

கேமராவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபாஜிலிடம் போனாள். கல்யாண வேலையில் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர் உண்டு. அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லணும்னா நான் பறவை எடுத்ததில்லைங்கம்மா. எங்க தொழில்ல மாப்பிள்ளை சொன்ன எடத்துல நிப்பாரு, தாலி கட்டுற வரைக்கும் அசைய மாட்டாரு." சொல்லிக்கொண்டே மெனுவுக்குள் போனார். "இந்தாங்க, கண்ணுன்னா மனுசக் கண்ணுன்னு இருக்கு. பறவைன்னு மாத்திட்டேன். இனிமே பொம்மையப் பாக்காது."

பொம்மையை விட்டது. ஆனால் நெல்லை விடவில்லை. நீலக்கோழி தாள்களுக்கு நடுவே கழுத்தை நீட்டும்போது ஒரு நொடி அதன் கண்ணைப் பிடிக்கும். காற்றில் ஒரு தாள் குறுக்கே ஆடினால் தாளுக்குத் தாவிவிடும். அதற்குப் பிறகு மங்களாம்பிகை யாரையும் கேட்கவில்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வரப்பில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். கேமரா எதற்கு மயங்குகிறது, எப்போது ஏமாறுகிறது என்று, புதிதாக வாங்கிய மாட்டின் குணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

திரை முழுக்கத் தேட விட்டால் அது முதலில் தென்படுவதைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. கட்டத்தைச் சுருக்கி மிளகளவு ஆக்கினாள். அதைத் தானே பறவையின் தலையில் வைத்தால், அங்கிருந்து கேமரா கண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனது. ஒரு தடவை பிடித்து விடுவதா, விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதா என்று கேட்கும் இடத்தில் இரண்டாவதை வைத்தாள். ஃபோகஸை முதுகுப்பக்கத்துப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டைவிரலை வைத்தால் தேடும், எடுத்தால் தேடாமல் அப்படியே நிற்கும். தாள் குறுக்கே ஆடும்போது விரலை எடுத்துவிடுவாள். லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்ன விசையைத் தள்ளினால் கிட்டத்தில் இருப்பதை அது திரும்பியே பார்ப்பதில்லை என்பது கைதவறிப் பட்டதில் தெரிந்தது. ஃபோகஸ் மேல் போட்ட பழியில் பாதி ஃபோகஸுடையதே இல்லை என்பதும் தெரிந்தது. கோழி தலையை ஆட்டுகிற வேகத்துக்கு ஷட்டர் வேகம் போதவில்லை, அதைக் கூட்டினாள். பனியில் லென்ஸ் வேர்த்ததால், கேமராவை இரவில் பீரோவுக்குப் பதிலாகத் தாழ்வாரத்தில் வைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல், பயிருக்குள் கோழியைத் தேடுவதே வீண் என்று புரிந்தது. வாய்க்கால் தண்ணீர் வயலில் இறங்கும் தலைமடைக்குப் பக்கத்தில் நெல் இல்லாத இரண்டடிச் சேறு உண்டு. தின்று முடித்ததும் கோழி அங்கேதான் வந்து நிற்கும். வெயில் முதுகில் விழும்படி, வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்தாள்.

"ஊரு பாக்குது, மங்களம்" என்றார் வைரக்கண்ணு.

"பாத்துட்டுப் போவட்டுங்க. கோழி பாக்காம இருந்தா சரி."

பதினேழாம் நாள் காலை கிடைத்தது. நீலக்கோழி அந்தச் சேற்றுக்கு வந்து, ஒடித்த நெல் தாளை ஒரு காலால் மனிதர் கையில் பிடிப்பதுபோலப் பிடித்து, அலகுக்குக் கொண்டுபோனது. சிவந்த கண்ணில் வரப்பு வளைந்து தெரிந்தது. கழுத்து இறகில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருந்தது. களவும் களவு எடுத்தவரும் ஒரே படத்தில். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதிகாரி படத்தைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

"நீங்களா எடுத்தீங்க? நீலத்தாழைக்கோழிம்மா இது! என்ன ஷார்ப்பு!"

"நெல்லத் திங்குது பாருங்க சார். காலுல பிடிச்சிருக்கு."

"ஆமாம், எவ்வளவு நளினமா பிடிச்சிருக்கு!"

ஒரு மாதத்தில் இரண்டு தபால்கள் வந்தன. முதல் தபால் மனுவுக்குப் பதில். இணைத்த புகைப்படத்தின் தெளிவால் பறவை இன்னதென்று ஐயமின்றி உறுதியாகிறது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம். எனவே மனுதாரர் அதற்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கலாகாது. இரண்டாவது தபால், பறவை விழா ஒன்றில் அவளுக்குப் 'பறவை நேசர்' சான்றிதழ் வழங்கப்படும் என்ற அழைப்பு.

வைரக்கண்ணு இரண்டையும் படித்தார். "தகரம் தட்டுறது தொந்தரவுல வருமா?"

"தெரியலங்க. மெதுவா தட்டுங்க."

விழாவில் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். மங்களாம்பிகை மேடைக்குக் கூசுகிறவள் அல்ல. "அய்யா, இந்தக் கோழி எங்க நெல்ல அழிக்குது. அதுக்காகத்தான் படம் எடுத்தேன்" என்று உள்ளதைச் சொன்னாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அடுத்துப் பேசியவர், உழவரின் நகைச்சுவை உணர்வை ஐந்து நிமிடம் புகழ்ந்தார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் பின்னால் கட்டியிருந்த பேனரில் அவள் எடுத்த படம் ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த அளவுக்குப் பெரிதாக்கியும் கோழியின் கண் கலங்காமல் இருப்பதை அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

படம் செல்போன்களில் சுற்றியது. மறுவருடம் சம்பா நட்டு முடித்த கையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரில் ஆட்கள் வந்தார்கள். பச்சைத் தொப்பி, முக்காலி, தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ். "மேடம், அந்த ஷாட்டுக்கு என்ன செட்டிங்?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள், "கட்டத்த மிளகளவு வைங்க. வரப்ப மிதிக்காதீங்க." முதல் பாதியைக் குறித்துக்கொண்டார்கள். வரப்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆனால் தகரமும் பொம்மையும் மனுவும் செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஐந்தாவது ஞாயிறு தாண்டியதும் நீலக்கோழிகள் சந்தடி பொறுக்காமல் குளத்தின் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தன. அந்த வருடம் மங்களாம்பிகையின் வயலில் ஒரு தூர்கூட ஒடியவில்லை. வந்தவர்கள் வெறும் குளத்தைப் படம் எடுத்துவிட்டு, மனிதர்களால் பறவைகளுக்கு இடமில்லாமல் போகிறது என்று வருத்தப்பட்டுப் போனார்கள்.

மேற்குக் கரையில் நிலம் வைத்திருக்கும் மருதையன் ஒரு காலையில் வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, ஆறு மா போச்சு. மனு குடுக்கப் போனா போட்டோ கேக்குறாங்க. நீங்க வந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"தெளிவா எடுத்தா என்ன ஆவும்னு பாத்தீங்கல்ல தம்பி?"

மருதையன் யோசித்தார். "அப்ப மங்கலா எடுங்க. ஏதோ தின்னுதுன்னு தெரியணும். எதுன்னு தெரியக் கூடாது."

மங்களாம்பிகை சாக்கை விரித்து அவர் வரப்பில் படுத்தாள். கோழி வெளியே வந்தது. கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அன்றைக்கு எடுத்த அறுபத்திரண்டு படத்தில் ஒன்றுகூட மங்கவில்லை.