வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்

திண்டிவனத்தில் வேலை, விழுப்புரத்தில் வீடு. நடுவில் இருக்கிற நாலுவழிச் சாலையில் காலையும் மாலையும் நானே காரோட்டிப் போய் வருகிறேன். இந்த வயதில் எவளாவது கார் ஓட்டக் கற்றுக்கொள்வாளா என்று கேட்டவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்தான். கார் என் கணவருடையது. அவர் மாரடைப்பில் போன பிறகு அது போர்டிகோவில் உறை போட்டுச் சும்மா நின்றது. ஒருநாள் உறையை உருவிப் போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் பண்ணும்போதெல்லாம், "வித்துடும்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்பான். என் அண்ணனும் அதையேதான் சொல்கிறார், கொஞ்சம் மரியாதைக் குறைவாக. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டில் பேச ஆளில்லை. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வரலாம். பக்கத்து வண்டிக்காரன் பார்த்தாலும் யாருடனோ போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

போன தை மாதம், ஒரு சாயங்காலம். வெளிச்சம் இன்னும் இருந்தது. கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு லாரியை முந்தினேன். முந்தி முடித்த அதே நேரம், சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, கல்யாண ஊர்வலம் போல நிதானமாக, ரோட்டுக்கு வந்தது. டிராக்டர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. அதன் பின்னால் டிரெய்லர் முடிகிற வழியாக இல்லை. என் எதிரில் முழுக்கக் கரும்புதான். யோசிக்கவில்லை, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். அங்கே நான் இப்போதுதான் முந்தி வந்த லாரி இருக்கிறது என்பது ஒடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. செத்தோம் என்று தெளிவாகத் தெரிந்தது. பயம்கூட இல்லை, பாலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வந்துவிட்டோமே என்றுதான் தோன்றியது.

அந்த லாரிக்காரன் ரோட்டை எனக்கு விட்டுவிட்டு, முழு லோடோடு மண்ணில் இறக்கினான். புழுதி கிளம்பி ஒன்றும் தெரியவில்லை. அடங்கியபோது என் கார் ரோட்டில் நின்றிருந்தது, ஒரு கீறல் இல்லாமல். லாரி பின்னால் ஒருபக்கம் சாய்ந்தாற்போல் நின்றது. கேபினிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, மெதுவா, மெதுவா என்று காற்றைத் தட்டியது. ஓரம் கட்டு என்று காட்டியது. நான் ஓரம் கட்டினேன். கால் நடுக்கம் அடங்கிக் கதவைத் திறப்பதற்குள் லாரி ரோட்டில் ஏறி, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. என்னைத் திட்டக்கூட இல்லை. முகம் பார்க்கவில்லை, நம்பர் பார்க்கவில்லை. என் உயிரைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஒரு நன்றி சொல்ல முடியாமல் நின்றேன். கரும்பு டிராக்டரோ எதுவும் நடக்காதது போல எப்போதோ போய்விட்டிருந்தது.

பக்கத்தில் கொய்யாப்பழத் தள்ளுவண்டி வைத்திருந்த பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். "இன்னாம்மா, அடி கிடி பட்டுச்சா? எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருந்தேன். வா, மொதல்ல வந்து உக்காரு" என்றாள். என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். பாதியைப் புடவையில் கொட்டிக்கொண்டு மீதியைக் குடித்தேன்.

"வூட்டுக்கு போன் போடும்மா. இந்தக் காலை வச்சிக்கினு நீ ஓட்டக் கூடாது. யாராச்சும் வந்து இட்டுக்கினு போவட்டும்."

போனை எடுத்தேன். மகனைக் கூப்பிட்டால் அவன் அங்கிருந்து என்ன செய்வான்? வண்டியை விற்க ஆள் பார்ப்பான். அண்ணனைக் கூப்பிட்டால் வருவார், சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார், திரும்பத் தரமாட்டார். ஆபீசில் சொன்னால் நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள நான்தான். போனில் அத்தனை பேர் இருக்கிறார்கள். பிழைத்தேன் என்று சொல்ல ஒருவர் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் காதில் போனை வைத்து, ஒரு நம்பரும் போடாமல், "ம், வாங்க" என்றேன். பிறகு அவளிடம், "வீட்டுக்காரர் வந்துக்கிட்டு இருக்கார்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. அவரு வர்ற வரிக்கும் நான் இருக்கேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கால் தேறியதும் அவளைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து அவளுக்காக ஹாரன் அடித்தது. "நீ போப்பா. இந்தம்மா வூட்டுக்காரரு வந்தப்புறம் வர்றேன்" என்று அனுப்பிவிட்டாள்.

"எதுலம்மா வர்றாரு?"

"பைக்ல."

"இன்னா சட்டை?"

"வெள்ளை. அரைக்கை. ஹெல்மெட்டைத் தலையில போடமாட்டார், டேங்க் மேல வச்சுக்கிட்டு வருவார்."

"எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, ரோட்டைப் பார்த்து நின்றாள். விழுப்புரம் பக்கமிருந்து வந்து திரும்புகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்து "இவரா?" என்று கேட்டாள். நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பொய் சொன்னவள் நான்தான் என்பது மறந்தேபோயிற்று.

ஒரு பைக் வேகம் குறைத்து ஓரமாக வந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை. டேங்க் மேல் ஹெல்மெட். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவன் கொய்யாப்பழம் வாங்க வந்தவன். அவள் எடைபோட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு சொன்னேன், "அவர் வரமாட்டார். அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

என்னை ஏமாற்றினாயே என்று கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளோ பழத்துக்குத் தூவ வைத்திருந்த உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளினாள். "கிழக்கப் பாத்து உக்காரு" என்றாள்.

எங்கள் வீட்டில் சுற்றிப்போடுகிற வேலை என்னுடையது. அவருக்கு, பையனுக்கு, ஏன், இந்தக் காருக்கும் அமாவாசைக்கு அமாவாசை நான்தான். அவர் கிண்டல் பண்ணிக்கொண்டே உட்காருவார். தனக்குத்தானே சுற்றிக்கொள்ள முடியாது. கையை எப்படி வளைத்தாலும் பாதித் தலைதான் வரும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் எனக்கு இல்லாமல் போனது, அவள் கை என் தலைக்குப் பின்னால் போன அந்த நிமிஷம்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

"டிராக்டர் கண்ணு, லாரிக் கண்ணு, இந்தப் பேஜாரு புடிச்ச ரோட்டுக் கண்ணு எல்லாம் போவட்டும். துப்பு."

மூன்று தடவை துப்பினேன். தூள் கொஞ்சம் நெற்றியில் உதிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று அப்போது சொன்னேன். இல்லை. அவர் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அவள் தூளை ரோட்டோரம் வீசிவிட்டு வந்தாள். "இப்ப கால் ஆடுதா?"

பார்த்தேன். ஆடவில்லை.

"இருட்டறதுக்குள்ள கெளம்பு. மெதுவாப் போ. திரும்பிப் பாக்காமப் போணும், தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் அவளுக்கும் நன்றி சொல்லாமல் போய்க் காரில் ஏறினேன். இண்டிகேட்டர் போட்டு ரோட்டில் ஏறியதும் நடுக்கண்ணாடியைப் பார்த்தேன். திரும்பித்தானே பார்க்கக் கூடாது, பின்னால் பார்க்காமல் ஹைவேயில் எப்படி ஓட்டுவது? அவள் தள்ளுவண்டியை மூடிக் கட்டியிருப்பாள், அடுத்த ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் நகரவே இல்லை. உப்புக் கையைப் புடவையில் துடைத்தபடி, என் கார் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்காக ஒருவர் ரோட்டைப் பார்த்து நின்று ரெண்டு வருஷம் ஆகிறது.