சேசு மாமாவின் தூக்காத டிராக்டர்

போன வாரம் கைப்பேசியில் எதையோ தேடப்போய் ஒரு வீடியோ வந்து நின்றது. சட்டை கசங்காத ஓர் இளைஞர் பழைய மினி டிராக்டர் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டு, "ஹைட்ராலிக் தூக்கவில்லையா? கவலை வேண்டாம் நண்பர்களே" என்று ஆரம்பித்தார். எனக்கென்ன கவலை, என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். ஆனாலும் கடைசிவரை பார்த்தேன். எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், சீல் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் சரிதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் எர்ணாவூர்க்காரர் இல்லை.

வீடியோவில் அவர் எண்ணெய் மூடியைத் திறந்தபோது எனக்கு இங்கே வாசனை வந்துவிட்டது. ஹைட்ராலிக் எண்ணெய் வாசனை தெரியுமா உங்களுக்கு? சட்டையில் பட்டால் சட்டையோடுதான் போகும். திருவொற்றியூரில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், என் சோற்று டப்பாவில்கூட அந்த வாசனை இருந்தது. அம்மா என் சட்டையை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள், வாசலிலேயே வாளியில் போட்டுவிடவேண்டும். ஆனால் சொந்தக்காரர்களிடம் மட்டும் "எம் புள்ள ஹைட்ராலிக் என்ஜினியரு" என்பாள். நான் மறுத்ததில்லை. கண்ணாடி பார்த்துத் தலைவாரும்போது நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்தப் பேச்சை முழுசாக நம்பிய இன்னொருவர் சேசு மாமா, அம்மாவின் தம்பி. வடசென்னை எர்ணாவூர்க் கடற்கரையில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, எங்கள் பேச்சில் 'போட்டு', வைத்து மீன் பிடித்தவர். அவருக்குச் சர்க்கரை வந்தது. ஒருநாள் நடுக்கடலில் தலைசுற்றித் தண்ணீரில் விழுந்தார். கூடப் போனவர்கள் வலையைப் போட்டு இழுத்துப் போட்டார்கள். "எத்தினியோ மீன இப்டி புடிச்சிருக்கேன், அது இன்னா பாடு பட்டிருக்கும்னு இப்பதான் தெரிஞ்சுது" என்று சிரித்தார் மாமா. அவர் மனைவி ரோசாலி அத்தை சிரிக்கவில்லை. அழுது, சண்டை போட்டு, மூன்று நாள் பேசாமல் இருந்து, கடைசியில் போட்டையும் என்ஜினையும் விற்க வைத்தாள். அந்தப் பணத்தில் பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வந்ததுதான் அந்த மினி டிராக்டர்.

கடற்கரையில் டிராக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடலிலிருந்து வரும் போட்டை மணல்மேட்டுக்கு ஏற்றவேண்டும், மறுபடி இறக்கவேண்டும். முன்பெல்லாம் பத்துப் பேர் தோள் கொடுப்பார்கள். டிராக்டர் இருந்தால் போதும். வயலில் கலப்பையைத் தூக்குமே, பின்பக்கம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இரண்டு ஹைட்ராலிக் கைகள், அவற்றில் போட்டின் முன்பக்கத்தை மாட்டித் தூக்கிவிட்டு இழுத்துக்கொண்டு போகலாம். கை தூக்காவிட்டால் போட்டு மணலை உழும்.

டிராக்டர் வந்த அன்று ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். புதுப் போட்டு இறக்கும்போது செய்கிற முறைதான். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஹைட்ராலிக் என்ஜினியர் சும்மா இருப்பாரா? நான் சீட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணெய் மூடியைத் திறந்து கூட்டத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். முன்வரிசையில் நின்று வாயைத் திறந்தபடி கேட்டது ரோசாலி அத்தை.

"நல்லா பாத்துக்கோ அத்த. இந்த ஓட்டைக்குள்ளதான் இதோட உசுரே கீது."

பதினைந்து நாள் ஒழுங்காகத் தூக்கியது. பிறகு ஒரு காலையில் போட்டைத் தூக்கிய கை அப்படியே மெல்ல இறங்கிவிட்டது, தூக்கம் வந்தவன் தலை மாதிரி. பம்ப் வேறு நாய்க்குட்டி போல ஊளையிட்டது. மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

எண்ணெய் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். தூக்கியது. அத்தை எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நாலு நாளில் மறுபடி படுத்துவிட்டது. சீல்களை மாற்றினேன். தூக்கியது. மறுபடி வஞ்சிரம். மறுபடி படுத்தது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இந்தத் தடவை சுறாப்புட்டு. எண்ணெய் கொஞ்சம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன்தான். பழைய முதலாளி மலிவு எண்ணெய் ஊற்றியிருப்பார் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் ஓடியும் எண்ணெய் அளவு குறையாமல், ஒரு நூல் கூடியே இருந்ததையும் பார்த்தேன். நான் போட்ட சீலின் அருமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஊரே பொறியியல் கல்லூரியாகிவிட்டது. டீக்கடையில் போய் நின்றால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒரு காரணம் சொல்வார், அவர் கிரேனைக் கீழே நின்று பார்க்கிறவர் இன்னொன்று சொல்வார். டீக்கடைக்காரருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே பதில்தான்: "ஏர் புட்சிகினு கீது."

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. போட்டுக்காரர்கள் பழையபடி தோள் கொடுக்க ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். "இத்த பாரு மாப்ள, மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள இது சரியாவலன்னா வித்துடுவேன். எவன் போட்டுலயாவது பங்கு போட்டுகினு நான் பாட்டுக்குக் கடலுக்குப் போறேன்" என்றார். மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. அதுவரை அது எனக்கு ஒரு மெஷின்தான். ஒரு மனுஷன் கரையில் இருப்பதும் தண்ணீரில் இருப்பதும் என் ஸ்பேனரில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால், டிராக்டரை வாங்க மீஞ்சூரிலிருந்து ஓர் ஆள் மறுநாள் வருவதாகச் செய்தி வந்தது. நான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் அடியிலிருந்த வடிகால் போல்ட்டையே கழற்றிவிட்டேன். வந்தது எண்ணெய் இல்லை, ஸ்ட்ராங் கம்மியான டீ.

"மாமா! கடலுக்குள்ள எவ்ளோ தூரம் வண்டிய உட்ட? உள்ளாற பூரா தண்ணி!"

"மாதா மேல சத்தியமா சக்கரம் பாதிக்கு மேல நனையல நைனா. பேஜாரு பண்ணாத."

அவர் கத்த, நான் கத்த, கடைசியில் அத்தையின் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் கொஞ்சம் பிடித்து வைத்தோம். காலையில் எண்ணெய் மேலேயும் தண்ணீர் அடியிலுமாகப் பிரிந்து நின்றது. பார்க்க வந்த மீஞ்சூர்க்காரரும் வாசலில் நின்றிருந்தார். மேலே இருந்ததை வடித்துவிட்டு, நான் தடுப்பதற்குள் மாமா விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு தனி நாக்கு. எத்தனை விதத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்!

"கடல் தண்ணி இல்ல, உப்பே இல்ல" என்று துப்பினார் மாமா. மறுபடி வைத்தார். "போர் தண்ணியும் இல்ல, அது இத்தோட கலீஜா இருக்கும். லாரி தண்ணியா? பிளீச்சிங் வாசன வர்லியே." மூன்றாவது தடவை வைத்தவர் கண்ணை அகல விரித்தார். "டேய், இது கேன் தண்ணிடா!"

அந்த வீட்டில் கேன் தண்ணீர் என்பது விருந்தாளி வந்தால் மட்டும். டிராக்டருக்கு எப்படிப் போகும்? நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தோம். அத்தை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் ஊத்துனேன். ஃபாதராண்ட குடுத்து மந்திரிச்ச தண்ணி. நீ ரிப்பேரு பண்ணிட்டுப் போவும்போதெல்லாம் ஒரு பாட்டிலு. செஞ்ச வேல நிக்கட்டுமேன்னு."

"கேன் தண்ணி எதுக்கு மே?" என்றார் மாமா. அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் சந்தேகம்.

"அதான் அதோட உசுருன்னு உன் மாப்ள சொன்னானே. உசுருக்குப் போயி லாரி தண்ணி ஊத்துவாங்களா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மாமா சிரிக்கவில்லை. அத்தை அழ ஆரம்பித்திருந்தாள். "அது நின்னுபோனா நீ கடலுக்குப் போயிடுவ. நான் வேற இன்னா பண்ணுவேன்?" என்றாள். மாமா அந்தப் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். பிறகு வாசலுக்குப் போய் மீஞ்சூர்க்காரரிடம், "விக்கறதா இல்ல சார். நீங்க ஒரு டீ சாப்ட்டு கெளம்புங்க" என்றார்.

உள்ளே இருந்ததையெல்லாம் வடித்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றினேன். கொடியேற்றத்தன்று அத்தை பாட்டிலோடு வந்தபோது மாமாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டயரைக் காட்டினார். இரண்டு டயருக்கும் தாராளமாக ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை. என் சீலா, அத்தையின் தண்ணீரா என்று டீக்கடையில் ரொம்ப நாள் வாதம் நடந்தது. பெரும்பான்மை என் பக்கம் இல்லை.

வீடியோ பார்த்த மறுநாள் எர்ணாவூருக்குப் போய்வந்தேன். மணல் இல்லை. வருஷா வருஷம் கடல் உள்ளே வந்து வந்து, இப்போது கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். ஏற்ற மணல் இல்லாததால் போட்டுகள் துறைமுகத்துக்குப் போய்விட்டன. இழுக்கப் போட்டு இல்லாததால் டிராக்டரும் விற்றாகிவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறது. டீக்கடை இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மாமா கல்மேல் உட்கார்ந்து யாருடைய வலையையோ தைத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் அத்தை.

"டிராக்டர் நிறுத்துவோமே, அந்த எடம் எங்க மாமா?" என்றேன். மாமா ஊசியால் கடலுக்குள் காட்டினார். அங்கே ஒரு போட்டு போய்க்கொண்டிருந்தது.

"இம்மாம் மண்ணையும் தின்னுடுச்சே அத்த" என்றேன்.

அத்தை மாமாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆள உட்டுடுச்சு இல்ல? மண்ணு போனா போவட்டும்."