மூங்கில் குழாயில் ஊற்றிய கஷாயம்

குதிரையை வாங்கியது என் கொழுந்தன். துபாய் வெயிலில் வெந்து சம்பாதித்ததைக் கொண்டுவந்து, முட்டம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடலாம் என்று ஒரு பெண் குதிரையை எங்கள் முற்றத்தில் நிறுத்தினான். அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தீனியும் மருந்தும் என் தலையில் விழுந்தன.

மணல் தூசியில் அதற்கு ஓயாத இருமல். திப்பிலியும் அதிமதுரமும் இடிப்பேன்; வயிறு உப்பாமலிருக்க ஓமம், சுக்கு. கருப்பட்டிப் பாகில் குழைத்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தால் வாளியையே நக்கிவிடும். இரண்டு மாதத்தில் மூச்சு தெளிந்தது. குதிரை வைத்தியச்சி என்று கொழுந்தன் கேலி பேசுவான். எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் போயிற்று.

அவன் குழித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த காலையில் குதிரை வாளியைத் தொடவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து முன்காலால் தரையைப் பறண்டியது. என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் பண்ணினார். வர மத்தியானம் ஆகுமாம். அதுவரை பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன மரக்கட்டையா? அதே சரக்கைக் கஷாயமாகக் காய்ச்சினேன். உழவு மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் தொழுவத்தில் கிடந்தது.

"ஏட்டி, வேண்டாம். டாக்டர் வரட்டும்."

"பத்து வயசுலேயே மாட்டுக்கு ஊத்துனவ நான். பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காம கயிறப் பிடியுங்க."

முற்றத்துப் பலாமரக் கொம்பில் கயிற்றைப் போட்டு, தலை வானத்தைப் பார்க்கும்படி அவர் இழுத்துப் பிடித்தார். கடைவாயில் குழாயைத் திணித்தேன். அது திமிறியது. "விழுங்கு சவமே" என்று தாடையில் குத்தினேன். மூன்றாவது குழாயில் கஷாயம் அதன் மூக்கு வழியாக என் முகத்தில் சீறியது. கயிறு அறுந்து குதிரை சுழன்று திரும்பியது. பின்னங்கால் அவர் தொடையில் இறங்க, அவர் சுருண்டு விழுந்தார். ஆத்திரத்தில் குழாய் பிளக்கும்வரை அதன் கழுத்தில் அடித்தேன். பிறகு அது அசையாமல் நின்று இருமியது. அதன் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

டாக்டர் வந்தபோது கொழுந்தனும் வந்துவிட்டான்.

"இது மாடு இல்ல. தலையத் தூக்கிக் கட்டி ஊத்துனா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். யாரு ஊத்துனது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர், தரையில் காலை நீட்டிக்கொண்டே.

ஊசிகள் போட்டும் மூன்றாம் நாள் குதிரை செத்தது. குழியை மூடியதும் கொழுந்தன் மண்வெட்டியை வீசிவிட்டு, அண்ணன் என்றும் பாராமல் அவர் கன்னத்தில் அறைந்தான். அடிபட்ட அதே தொடையில் உதைத்தான். "நீயெல்லாம் ஒரு மனுஷனாலே? எனக்க வாழ்க்கையே போச்சே." உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

கொழுந்தன் என்னிடம் திரும்பி, "பிள்ளை மாதிரி பாத்தீங்களே மைனி" என்று உடைந்து அழுதான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அழாத மக்கா" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.