மாமனார் பெயர் போட்ட பொட்டலம்

உள்ளறையிலிருந்து சர்ர்... சர்ர்... என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒட்டிய காகிதத்தை நகத்தால் கிளப்பி இழுக்கிற சத்தம்.

ஜூராகான் தேநீர்க் கெண்டியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே உட்கார்ந்து பொட்டலங்களிலிருந்து லேபிளைக் கிழித்துக்கொண்டிருப்பது வேறு யாருமில்லை, அவள் கணவன் சகின். அவள் இன்னும் சரியென்று சொல்லவில்லை. அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணனுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே அண்ணி" என்று சிரித்தான் மெதெர்பெக். சகினுடைய தம்பி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து விடிந்ததும் கிளம்பி வந்திருந்தான். "பேரை எடுக்கச் சொன்ன நோட்டீஸைப் பார்த்ததும் அவரு வேலையை ஆரம்பிச்சிட்டாரு. நீங்கதான் முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"உங்க நோட்டீஸைத் தூக்கி அடுப்புல போட, சின்ன மிர்சா!"

"தாராளமா போடுங்க. அது நகல்தான்."

சின்ன மிர்சா. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று மூக்கொழுகிக்கொண்டு நின்ற கொழுந்தனுக்கு அவளே வைத்த செல்லப் பெயர் அது; சின்னத் துரை என்று பொருள். கொழுந்தன் பெயரையோ மாமனார் பெயரையோ மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கொச்கோர் ஊரில் இன்று பல பெண்கள் அதைப் பார்ப்பதில்லை. ஜூராகான் பார்த்தாள். அதுதான் அவளுடைய பெருமை. அதுவே அவளுக்கு எமனாகவும் வந்தது.

மாமனார் நசர்குல் அரசுப் பண்ணையில் கம்பளி எடை போட்டவர். அவர் தராசு முள்ளைப் பார்த்துச் சொன்னால் யாரும் மறுபடி எடை போட மாட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த சில வருஷத்தில் சகின் லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வீட்டில் மாவு தீர்ந்தது. ஜூராகான் தயிரை வடிகட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து, கோலி கோலியாக உருட்டிக் காயவைத்து, குருத்து என்று இங்கே சொல்கிற அந்தத் தயிர் உருண்டைகளோடு நரின் சாலையில் பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். "யார் வீட்டுக் குருத்து இது?" என்று கேட்பார்கள். அவளால் சொல்ல முடியாது. பக்கத்தில் முலாம்பழம் விற்பவள் சொல்வாள்: "நசர்குல் வீட்டுது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

அந்தப் பெயரைக் கேட்டு ஜனங்கள் வந்தார்கள். பிறகு பொட்டலத்திலும் அந்தப் பெயரையே அச்சடித்தாள். மிளகாய் போட்டது, புதினா போட்டது என்று வகை வகையாக உருட்டினாள். போனில் கடைக்காரர் பேசினால் மட்டும், "பெரியவர் சரக்கு எவ்வளவு வேணும்?" என்பாள். தன் கையால் செய்த பொருளின் பெயரைத் தன் வாயால் ஒருநாளும் சொல்லாத வியாபாரி ஊரில் அவள் ஒருத்திதான்!

தலைநகரத்துப் பெரிய கடை ஒன்று அவள் சரக்கைக் கேட்டது. பெயரைப் பதிவு செய்துகொண்டு வா, அப்போதுதான் அலமாரியில் இடம் என்றார்கள். சகின் படுக்கையில் கிடந்தான். மெதெர்பெக்தான் அவளைப் பதிவு ஏஜெண்டிடம் கூட்டிக்கொண்டு போனான்.

"பேரு என்ன அக்கா?" என்றாள் ஏஜெண்டுப் பெண்.

ஜூராகான் தலையைக் குனிந்துகொண்டாள். மெதெர்பெக் சொன்னான்: "எங்க அண்ணி சொல்ல மாட்டாங்க. அது எங்கப்பா பேரு. இப்படி ஒரு மருமகளை நீங்க எங்க தேடினாலும் பார்க்க முடியாது."

அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். எழுதியிருக்கலாம். ஆனால் அடுத்த வரியில், 'பெயரின் உரிமையாளர்' என்று இருந்தது. மேலே மாமனார் பெயர், கீழே அவருக்குச் சொந்தக்காரியாக மருமகள் பெயரா? ஜூராகானுக்குக் காது மடல் சுட்டது.

"அவர் பெத்த பிள்ளை இருக்கும்போது நான் எதுக்கு? நீங்களே போட்டுக்கங்க சின்ன மிர்சா."

"அக்கா, யார் பேர்ல பதிவாகுதோ அவங்களுக்குத்தான் அது சொந்தம். கூடப்பிறந்தவங்கன்னாலும் சட்டம் பார்க்காது. யோசிச்சுக்கங்க" என்றாள் அந்தப் பெண், இரண்டு தடவை.

"வீட்டுக்குள்ள என்னம்மா யோசனை?" என்று ஜூராகானே பேனாவைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

பாவி மகள், தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக் கயிற்றின் நுனியையும் மரியாதையாக எடுத்துக் கொடுத்தாள்! பதிவுச் சான்றிதழ் வந்த அன்று ஆடு வெட்டி ஊருக்கே சோறு போட்டதும் அவள்தான்.

இப்போது மெதெர்பெக் அந்தப் பெயரை நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டான். இனி அவள் அதைப் பொட்டலத்தில் போடக் கூடாது. கடைகள் எல்லாம் ஆர்டரை நிறுத்திவிட்டன. உள்ளூர் வக்கீல் சொன்னார்: "வழக்குப் போடலாம்மா. நீங்கதான் முதல்லேர்ந்து வித்தீங்கன்னு வீட்டுக்காரர் வந்து சாட்சி சொல்லணும்." சகின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "கூடப்பிறந்தவனுக்கு எதிரா நான் கூண்டுல ஏறணுமா?" என்றான். கட்டிய மனைவி தெருவில் நிற்கலாம். தம்பி முகம் வாடக் கூடாது!

"கம்பெனி உங்களைக் கைவிடலை அண்ணி" என்றான் மெதெர்பெக். "சரக்கை நீங்களே உருட்டிக் குடுங்க, கூலி உண்டு. அப்புறம் ஒரு சின்ன விஷயம். விளம்பரம் எடுக்கிறாங்க. தலையில நம்ம ஊரு மருமகளுங்க கட்டுற வெள்ளைத் தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு, கையில குருத்தை வச்சுக்கிட்டு, அப்பா பேரை ஒரே ஒரு வாட்டி வாயால சொல்லணும்."

"என்னது?"

"மருமக சொன்னா ஜனங்க நம்புவாங்க. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கிறாங்க?"

"அன்னிக்கு வாய் திறக்காத மருமகள்னு புகழ்ந்தீங்களே!"

"அது அன்னிக்கு."

ஜூராகான் அவன் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் முறை. நிரப்பி வைத்தால், குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். அவன் பார்த்தான், சிரித்தான், தொடவில்லை.

"என்னங்க, உங்க தம்பி கேக்கிறது காதுல விழுந்துச்சா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

கிழிக்கிற சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி சர்ர் என்றது.

அவள் கெண்டியை ணங்கென்று கீழே வைத்தாள்.

"நசர்குலோட மகன் திருடன்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சகின் அறை வாசற்படிக்கு விந்தி விந்தி வந்தான். விரல்களில் லேபிள் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"அடிப்பாவி! அப்பா பேரைச் சொல்லிட்டியே!"

தம்பி திருடன் என்றது அவன் காதில் ஏறவே இல்லை.

மெதெர்பெக் மட்டும் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து, சரக்கைச் சோதித்துப் பார்ப்பவன்போல அவளைப் பார்த்தான்.

"சொல்ல வருதே அண்ணி! எவ்வளவு அழகா வருது! முதல் வார்த்தை மட்டும் போதும், மிச்சம் வேண்டாம். கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்க. வியாழக்கிழமை வண்டி அனுப்புறேன்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். சகின் இடுப்பு வலியோடு குனிந்து, தம்பி கால் நுழைக்க வசதியாக அவன் சப்பாத்துகளைத் திருப்பி வைத்தான். மெதெர்பெக் மார்பில் கை வைத்து வணங்கிவிட்டு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல், மிக மரியாதையாகச் சாத்தினான்.