தாமரை போட்ட பிரதோஷ ஆர்டர்

மறதியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதைச் சொல்லிக்காட்டுவதில் என் மனைவி தாமரையை மிஞ்சவும் ஆள் கிடையாது. கிள்ளானில் எங்களுக்கு ஒரு பூக்கடை. பிரதோஷத்தன்று பக்கத்துச் சிவன் கோயில் நந்திக்குச் சாத்தும் அறுகம்புல் மாலையும் வில்வமும் எங்கள் பொறுப்பு. முதல் நாள் காலையிலேயே கோலசிலாங்கூர் தோட்டக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். நான் மறந்து, மறந்து, கோயில் தலைவர் இராமலிங்கம் வேறு கடை பார்க்கப்போவதாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கோயில் போனால் எங்கள் கடையில் பாதி போன மாதிரி.

தாமரை முன்பு சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவள். ஆள் தொடாமலே கம்ப்யூட்டர் தினமும் அறிக்கை அனுப்புவதை அங்கே பார்த்திருக்கிறாள். இணையத்தில் பாடம் கேட்டுத் தானே ஸ்கிரிப்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அது தானாக ஓடித் தோட்டக்காரருக்கு ஆர்டர் அனுப்பும். முதலில் பிசகில்லாமல் நடந்தது. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு தடவை, பிரதோஷத்தன்று காலையில்தான் ஆர்டரே போனது. திதி நிலாவோடு நடப்பது. சில சமயம் பதினான்கு நாளிலேயே வந்து நிற்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து பிரதோஷம் பார்க்கிறவர்கள் நாங்கள், மாதம் இரண்டு என்றே வாய் பழகி, இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அலைந்து மாலை திரட்டிக்கொண்டு போவதற்குள் அபிஷேகம் முடிந்துவிட்டது. இதுதான் கடைசி, இன்னொரு தடவை தவறினால் வேறு கடைதான் என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கத்துவது எனக்குப் புதிதல்ல, அவளும் பயப்படுகிறவள் அல்ல.

“கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லங்க. நான் சொன்னதத்தான் அது செஞ்சிருக்கு.”

பஞ்சாங்கத்தைப் பிரித்து அந்த வருடத்துப் பிரதோஷ நாள்களை எல்லாம் உள்ளே ஏற்றினாள். இப்போது ஸ்கிரிப்ட் தினமும் காலையில் ஓடும். நாளைக்குப் பிரதோஷமா என்று பார்க்கும். ஆமென்றால் ஆர்டர் போகும், இல்லையென்றால் பேசாமல் படுத்துவிடும்.

அடுத்த பிரதோஷத்துக்கு முதல் நாள், தோட்டக்காரரை அழைக்க என் கை துறுதுறுத்தது. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க போன் பண்ணிட்டா அது ஓடுச்சான்னு எப்படித் தெரியும்? சும்மா இருங்க லா.”

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடை திறந்து சற்று நேரத்தில் தோட்டக்காரரின் பதில் வந்தது: ஆர்டர் கிடைத்துவிட்டது. மறுநாள் அபிஷேகத்துக்கு முன்பே மாலை கோயிலில் இருந்தது. அதன் பிறகு ஒரு பிரதோஷமும் தவறவில்லை.

போன வாரம் தலைவரே கடைக்கு வந்தார். எழுந்து நின்ற என்னைத் தாண்டி நேராகத் தாமரையிடம் போனார்.

“இனிமே கோயில் ஆர்டர் எல்லாம் உங்ககிட்டயே பேசிக்கிறேம்மா. கார்த்திகை, தைப்பூசம் எல்லாத்தையும் அதுல போட்டுடுங்க.”

இத்தனை வருடமாக என்னிடம் மட்டுமே பேசிய மனிதர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல்லாவில் நான் உட்காரும் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டேன்.