வால்நட் மரத்தில் ஒரு துவக்கு

அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. போனவர்களின் வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. எண்ணெய்க் குழாய்களில் எந்த வளைவில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். நான் கணக்குப் பார்த்த குழாய் ஒன்றையும் இதுவரை கையால் தொட்டதில்லை. ஹியூஸ்டனில் இருந்து கேட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து, கராஜுக்குள் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்க மனமில்லாமல் அப்படியே இருப்பேன். களைப்பு என்று சொன்னால் அது நித்திரை கொண்டால் போய்விடுகிற களைப்பு அல்ல.

மனைவி அதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் சமையலறைக் கதவைத் திறந்து கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்பிடிக் காருக்குள்ளயே இருந்து என்ன செய்யப் போறீங்கள்? கையால செய்யிற ஏதாவது ஒரு வேலையைப் பிடியுங்கோ. மனம் கொஞ்சம் ஆறும்."

அவள் நினைத்தது தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பது மாதிரி ஏதாவது. நான் வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒரு பலகை.

அதைத் தந்தவர் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். டெக்சாஸ்காரர், குளிர்காலம் வந்தால் மான் வேட்டைக்குப் போகிறவர். அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பழைய பாணியில் தனக்கென்று ஒரு வேட்டைத் துவக்கு செய்ய வேண்டும் என்று பல வருடம் முன்பே நல்ல வால்நட் பலகை ஒன்று வாங்கி, காயவைத்து வைத்திருந்தார். குழலும் மற்ற இரும்புப் பாகங்களும் தயாராக அவர் வீட்டுப் பட்டறையில் இருந்தன. அதற்குள் விரல் மூட்டுகள் வீங்கி, உளி பிடிக்க முடியாமல் போய்விட்டது. வேலையை விட்டுப் போகிற அன்று பார்க்கிங் லாட்டில் தன் டிரக்கில் இருந்து பலகையை எடுத்து என் காருக்குள் வைத்தார்.

எனக்குச் சுடத் தெரியாது என்றேன். சுடுவதற்கு நான் இருக்கிறேன், இழைப்பதற்குத்தான் கை இல்லை என்றார்.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பலகை அழகாக இருந்தது. தேன் நிறத்தில் கரும்பழுப்புக் கோடுகள் புகை மாதிரி ஓடின. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"துவக்கோ?"

"வேட்டைத் துவக்கு. அதின்ர மரப்பாகம் மட்டும்தான் நான் செய்யிறது."

"உங்களுக்கு என்ன விசரோ? அங்க ஊரிலதான் துவக்கு எண்டு பார்த்தால், இஞ்ச எங்கட வீட்டுக்குள்ளயுமோ?"

சண்டைக் காலத்தில் நான் கொழும்பில் படித்தேன். துவக்கைச் சோதனைச்சாவடியில் தூரத்தில் பார்த்ததுடன் சரி. பிறகு அமெரிக்கா வந்துவிட்டேன். அவள் அப்படி இல்லை. வன்னியில் இருந்தவள். துவக்குக்காரர் ஒருமுறை ஒரு உடுப்போடு வருவார்களாம், இன்னொரு முறை வேறு உடுப்போடு. யார் வந்தாலும் அவளுடைய அம்மா முதலில் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாராம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்காவது கை வேறு வேலையில் இருக்கும் என்று. இதைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை எனக்குச் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அடுத்த நாள் காலை அவளே ஒரு முடிவு சொன்னாள். மரம் வீட்டில் இருக்கலாம். துவக்கின் இரும்பு ஒன்றும் வரக்கூடாது, ஒரு ஆணி கூட.

ஆகவே சனிக்கிழமைகளில் பலகை தந்த நண்பரின் பட்டறைக்கு டிரைவ் பண்ணிப் போனேன். கேட்டிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் அவர் வீடு. இரும்புப் பாகம் மரத்துக்குள் இம்மியும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்கு இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்துவது. எடுத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்புப் பொட்டு விழுந்திருக்கும். அந்தப் பொட்டை மட்டும் சுரண்டி எடுப்பது. மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுரண்டினாலும் இரும்பு ஒரு நூல் அளவுதான் கீழே இறங்கியிருக்கும். நண்பர் ஒரு ஸ்டூலில் இருந்து பார்ப்பார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "இன்னும் கொஞ்சம்" என்பார். அல்லது "போதும்" என்பார். வேலை போனதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி ஐஸ் போட்ட டீ கொண்டு வந்து வைப்பார். நான் திரும்பி வரும்போது நகக்கண் எல்லாம் கரியாக இருக்கும். முதுகு வலிக்கும். ஆனாலும் கராஜில் காரை நிறுத்தியவுடன் இறங்கிவிடுவேன்.

ஒருமுறை அவசரப்பட்டு, பின்பக்கத்தில் தேவைக்கு மேல் சுரண்டிவிட்டேன். இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. முந்தின நாள்தான் அலுவலகத்தில் இன்னொரு பகுதியையும் மூடப்போவதாகச் செய்தி வந்திருந்தது. உளியை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். நண்பர் பின்னால் வந்து, பலகையின் ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டு ஒன்றை என் கையில் தந்தார். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, கோடு பொருந்தப் பார்த்து ஒட்டினேன். தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

வீட்டில் வடிவம் கொடுக்கிற வேலை. பழைய பாணி என்றால் அலங்காரம் கிடையாது. நேரான முதுகு, மெல்லிய கழுத்து, முன்நுனியில் ஒரு துண்டுக் கருமரம், கை பிடிக்கிற இடத்தில் நுண்ணிய கட்டங்கள். மனைவி உடுப்புக் காயவைக்க கராஜ் வழியாகப் போய் வருவாள். முதலில் பார்க்காமல் போனாள். பிறகு போகிற போக்கில் பார்த்தாள். ஒருநாள் நின்று, நுனித் துண்டைத் தடவினாள்.

"இது கருங்காலி எல்லே?"

"ஓம்."

"நல்லா இழைச்சிருக்கிறீங்கள்," என்றுவிட்டு உள்ளே போனாள்.

எண்ணெய் பூச ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. அவள் ஹைஸ்கூலில் கடைசி வருடம். வகுப்பு நேரத்தில் அவளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. லாக்டவுன், நான் ஓகே, கால் பண்ண வேண்டாம். யாரோ துவக்கோடு உள்ளே வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இங்கே பள்ளிக்கூடத்தை அப்படித்தான் பூட்டுவார்கள். ஏன் கால் பண்ணக்கூடாது என்று எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. ஃபோன் சத்தம் போட்டால் ஒளிந்திருக்கிற இடம் தெரிந்துவிடும்.

நானும் மனைவியும் தனித்தனிக் காரில், வேலைத்தலங்களில் இருந்து வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள சர்ச்சின் பார்க்கிங் லாட்டில் சந்தித்தோம். மற்றப் பெற்றோர்களும் நின்றார்கள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றும் இல்லை. யாரோ எதையோ பார்த்துப் பிழையாக விளங்கிச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கைகளை உயர்த்தியபடி வரிசையாக வெளியே வந்தார்கள். சித்திர வகுப்பு அலுமாரிக்குப் பின்னால் இருட்டில் இருந்ததாக மகள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனைவி மகளுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள். நான் கராஜுக்குப் போனேன். கை தன்பாட்டில் எண்ணெய்த் துணியை எடுத்தது. தேய்க்கத் தொடங்கினேன்.

மகள் கதவில் வந்து நின்றாள்.

"அப்பா. ஸீரியஸ்லி? டுடே?"

அவள் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதற்கும் தெம்பில்லாத குரல். நான் துணியை வைத்துவிட்டேன். அவள் போனபிறகு மரத்தைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மேல்தட்டில் வைத்தேன்.

நண்பருக்கு ஃபோன் பண்ணிக் கொஞ்ச நாள் வரமாட்டேன் என்றேன். காரணம் சொன்னேன். விளங்குகிறது என்றார். அவர் பேரப்பிள்ளைகளும் அதே மாதிரிப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் போகிறார்கள்.

கொஞ்ச நாள் என்பது மாதங்களாகப் போனது. மகள் ஆஸ்டினில் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீடு சத்தம் இல்லாமல் போனது. நான் மறுபடி காருக்குள் இருக்கத் தொடங்கினேன்.

தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவள், கராஜில் தன் சைக்கிளைத் தேடும்போது மேல்தட்டில் பெட்ஷீட் மூட்டையைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, யூ நெவர் ஃபினிஷ்ட் இட்?"

"இல்லை."

"பிகாஸ் ஆஃப் மீ?"

நான் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஐ ஜஸ்ட் மென்ட் நாட் தட் டே," என்றாள். பிறகு, எனக்கு விளங்கவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொன்னாள். "அண்டைக்கு மட்டும்தான் வேண்டாம் எண்டனான், அப்பா."

நான் சிரிக்க முயன்றேன். இத்தனை மாதம் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவளும் என்னிடம் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவள் மூட்டையை இறக்கித் தூசியைத் தட்டி மேசையில் வைத்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டாள்.

மிச்ச வேலையைக் குளிர்காலத்தில் முடித்தேன். பட்டறையில் மரமும் இரும்பும் சேர்ந்து திருகாணி இறுகியபோது நண்பர் அதை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். குளிருக்குத் தடிமன் பிடித்துவிட்டது என்றார்.

அடுத்த வாரம் சுட்டுப் பார்க்க ரேஞ்சுக்குப் போவதாக இருந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, "நானும் வாறன்," என்றாள்.

"நீர் ஏன் அங்க? சத்தமா இருக்கும்."

"எனக்குத் தெரியாத சத்தமோ?"

ரேஞ்சில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். முதலில் நண்பர் சுட்டார். பிறகு என்னைச் சுடச் சொன்னார். ஒவ்வொரு வெடிக்கும் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் கைப்பையைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நண்பர் குண்டெல்லாம் எடுத்து, திறந்து காட்டி, மேசையில் வைத்தார். அவள் எழுந்து வந்தாள்.

"தாங்கோ, பார்ப்பம்."

இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். நான் ஒட்டிய சீவலை விரலால் தடவினாள். கட்டங்களைத் தடவினாள்.

"எனக்கு எப்பவும் நுனி மட்டும்தான் தெரிஞ்சது," என்றாள். "பிடிக்கிற பக்கத்தில மரம் இருக்கும் எண்டு யோசிச்சதே இல்லை."

நண்பருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். பாரமாக இருக்கிறதாம் என்றேன். அவள் அதைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்க் காருக்குள் இருந்தாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி மல்லித்தழையும் பச்சை மிளகாயும் வாங்கினோம்.

துவக்கு நண்பரின் இரும்பு அலுமாரியில் இருக்கிறது. அது அவருடையதுதான். போன சீசனில் என்னையும் மான் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். விடிவதற்கு முன் ஒரு மரப்பெட்டி மாதிரியான மறைவிடத்தில் ஏறி இருந்தோம். குளிர். புல்லில் பனி. துவக்கு அவர் மடியில். நான் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை அலுவலகத்தில் யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தட்டி எழுப்பியபோது சூரியன் நன்றாக ஏறியிருந்தது. ஒரு பெண்மான் வந்து, நெடுநேரம் நின்று, போய்விட்டதாம். குறட்டையைக் கேட்டும் ஓடவில்லையாம். அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்.

"மான் கிடைச்சதோ?"

"இல்லை. நித்திரை கொண்டிட்டன்."

"நல்லம்," என்றாள். "சாப்பிட்டிட்டு இன்னும் கொஞ்சம் படுங்கோ."