கச்சான் காற்றில் ஒரு மெழுகுவர்த்தி

என் தங்கை மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆனி மாதம் பழைய மாணவிகள் நாள் நடக்கும். படித்துவிட்டுப் போனவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். நான் அங்கே படித்தவள் இல்லை. எங்கேயும் சரியாகப் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் போன வருஷம் நல்ல சேலை உடுத்தி, தங்கையையும் கூட்டிக்கொண்டு போய், வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சேவைக் குழுவுக்குத் தலைவியாக எங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்தக் குழுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஆள் இல்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டுவார்கள். மழைவெள்ளம் வந்தபோது வீடு வீடாகச் சகதி வாரினார்கள். எங்கள் பிள்ளை உப்பளத்தில் வேலை செய்கிறவள் மகள். சகதிக்குக் கூசமாட்டாள்.

தேர்ந்தெடுத்தால் மட்டும் தலைவி ஆகிவிட முடியாது. அங்கே ஒரு வழக்கம். வந்திருப்பவர்களில் மூத்த மாணவி வாசலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுப்பார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து, மேடையில் இருக்கும் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும். கையால் மறைக்கக் கூடாது. ஏற்றினால் தோளில் நீலப் பட்டை போட்டு, ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க வைப்பார்கள். வழியில் அணைந்துவிட்டால் பட்டை அடுத்த பிள்ளைக்கு.

மேடை மேற்கே இருந்தது. அன்றைக்குக் கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி முகத்தில் அடித்தது.

"அக்கா, இந்தக் காத்துல பந்தலே நிக்க மாட்டேங்கு. பிள்ள எப்பிடிக் கொண்டு போவா?" என்றாள் தங்கை.

"போவா. நீ அழுது வைக்காத."

"ராத்திரி முழுக்க உறங்கல அவ. அணைஞ்சிட்டுன்னா இனிமே பள்ளிக்கூடம் பக்கமே போவ மாட்டேங்கா."

எங்களுக்கு முன்னால் பழைய மாணவிகள் இரண்டு பேர், நரைத்த தலைகள், பட்டுச் சேலைகள்.

"ஏளா, இடுப்ப எங்கன தொலச்ச?"

"உன் தலமுடியத் தேடப் போன எடத்துல."

சேலையெல்லாம் குலுங்கச் சிரித்தார்கள். பருமனாக இருந்தவர் என் பக்கம் திரும்பி, "இவ ஜட்ஜம்மா. கோர்ட்டுக்குள்ள இவ வந்தா அம்புட்டு பேரும் எந்திரிக்கணும். இங்கன கக்கூஸ் கழுவயில நான்தான் இவளுக்கு லீடர்" என்றார்.

"இப்பமும் வாளியக் கொண்டா, கழுவுதேன்" என்றார் ஜட்ஜம்மா. பிறகு என்னிடம், "நீங்க எந்த வருசம்மா?" என்று கேட்டார்.

"நான் படிக்கல. வெளக்கு கொண்டு போற பிள்ளைக்குப் பெரியம்ம" என்றேன். தலையைக் குனிந்து சொல்லவில்லை.

மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தார்கள். பிள்ளை நாலு எட்டு வைத்தாள். சுடர் அப்படியே படுத்து நீலமாகிவிட்டது. தங்கை என் கையைப் பிடித்தாள். பிள்ளை நின்றாள். மேடையைப் பார்த்தாள், சுடரைப் பார்த்தாள். பிறகு காற்றுக்கு முதுகைக் கொடுத்து எங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் உடம்பின் மறைவில் சுடர் நிமிர்ந்தது.

விளையாட்டு டீச்சர் மைக்கில், "மேடையப் பாத்து நடம்மா, விருந்தினருக்கு முதுகு காட்டாத" என்றார். பிள்ளை கேட்கவில்லை. மேடையில் விருந்தினரோடு இருந்த தலைமையாசிரியை எழுந்து கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். டீச்சரைத்தான் பேசாமல் இருக்கச் சொன்னார்.

ஆனால் பிள்ளைக்குப் பின்னால் கொடிக்கம்பத்தின் சிமெண்டு மேடை. அவள் நேரே அதில் போய் மோதப் போகிறாள். ஜட்ஜம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடினார்.

"உனக்கு வலப்பக்கம் ஒதுங்கு தாயி. இன்னும். இன்னுங் கொஞ்சம். ஆங், இப்பம் நேர வா."

அவருக்குப் பின்னால் பருமனானவர், அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. இரண்டு பக்கமும் பழைய மாணவிகள் வரிசையாக நின்றுவிட்டார்கள். டாக்டர்கள் இருந்தார்கள், துறைமுகத்தில் பெரிய அதிகாரி இருந்தார், அடுப்படியை விட்டு வராதவர்களும் இருந்தார்கள். யாரும் மெழுகுவர்த்தியைத் தொடவில்லை, குரல் மட்டும் கொடுத்தார்கள். "இங்கன பள்ளம் இருக்கு, பாத்து." "அவசரம் இல்ல, மெல்ல வா." ஒரு குரல் முடிகிற இடத்தில் அடுத்த குரல் பிள்ளையை வாங்கிக்கொண்டது. அத்தனை பெரிய மைதானத்தில் வேறு சத்தமே இல்லை.

பிள்ளை எங்களைப் பார்த்தபடியே எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள். முகம் சிறுத்துக்கொண்டே போனது, வெளிச்சம் போகவில்லை. நான் அறுபது வருஷத்துக்கு மேல் இந்தக் கடலையும் காற்றையும் பார்க்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மேடைப் படி வந்தது. "காலத் தூக்கு. இன்னொண்ணு." ஏறிவிட்டாள். இனி விளக்கை ஏற்றத் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பினாள். சுடர் ஒரு சுருட்டுச் சுருண்டது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை போய் விளக்குக்கு மேற்கே நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

திரி பற்றிக்கொண்டது.

"பத்திட்டு ளா, கண்ணத் தொற" என்றேன். தங்கை திறந்தபோது பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர்வலத்துக்கு வரிசை கட்டினார்கள். பிள்ளைக்குப் பின்னால் அந்தப் பெரிய மனுஷிகள் அத்தனை பேரும், செருப்பைக் கழற்றிப் போட்டவர்கள் வெறுங்காலோடு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். உப்புச் சாக்கு சுமக்கிறவள் மகள் சொன்னால்தான் அந்த வரிசை அசையும். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போல, தோளில் கிடந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு, "நட" என்றாள். அத்தனை பேரும் நடந்தார்கள்.